உரிமையைக் காக்கும் கல்வி: கண்டி மலைநாடு காட்டும் குடிமையியல்

மாந்தர் கூடி வாழும்போது அவர்களிடையே எழும் ஆளுகை உறவுகளை ஆராய்ந்து, அவற்றின் இயல்பையும் நெறியையும் வகுத்துரைக்கும் அறிவுத்துறை குடிமையியல் எனப்படும். இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் உள்ளவாறே இதற்கும் வரையறைகள் உண்டு, பகுப்புகள் உண்டு, பலமுறை நிகழ்ந்து உண்மை எனத் தேறிய நெறிகளும் உண்டு. இத்துறையின் தரவுகள் சட்ட ஏடுகளிலும் ஊரவைக் குறிப்புகளிலும் கல்வெட்டுகளிலும் மக்கள் நினைவிலும் பதிந்து கிடக்கின்றன. அவற்றைத் திரட்டி ஒழுங்குபடுத்தித் தமிழில் எழுதுவது, வேறெந்த அறிவியலையும் தமிழில் எழுதுவதற்குக் குறையாத கடமை. வானியலைப் பிறமொழியில் கற்றவனுக்கும் விண்மீன் ஒளி தரும். தன்னை ஆளும் சட்டத்தைத் தன் மொழியில் கல்லாதவனுக்கோ அச்சட்டம் காவல் தராது.

முதற்கண் சொற்களுக்கு எல்லை வகுப்போம். பொதுவில் உள்ளதைத் தன்னதாகக் கருதிப் பேணும் பயின்ற இயல்பைக் குடிமைப் பண்பு என்கிறோம். பயின்ற இயல்பு என்று சொல்வதற்கு அடிப்படை உண்டு: அது பிறப்போடு வருவதில்லை, செய்து செய்தே கைவருவது. பிறர் அருளை எதிர்பாராது, தம் தேவையைத் தம் கூட்டு முயற்சியால் முடித்துக்கொள்ளும் ஆற்றல் தற்சார்பு. உரிமையோ இருநிலைப்பட்டது. சட்டத்தில் எழுதப்பட்ட அளவில் நிற்பது ஏட்டுரிமை. மக்கள் நாள்தோறும் எடுத்துப் பயன்படுத்துவதால் உயிரோடிருப்பது நடப்புரிமை. ஏட்டுரிமை நடப்புரிமையாக மாறுவதற்கு இடையில் ஒரு படி உண்டு. அந்தப் படிதான் கல்வி.

உரிமையின் இழப்பும் மூவகைப்படும். சிலர் பலருக்காகப் பேசி, பலரைக் கேளாமலே உரிமையை ஒப்படைத்துவிடுவது கையளிப்பு. ஆளும் தரப்பு சட்டத்தாலோ படையாலோ பிடுங்கிக்கொள்வது பறிப்பு. யாரும் ஒப்படைக்காமலும் எவரும் பிடுங்காமலும், பயில்வார் இன்மையால் நாளடைவில் நலிந்து போவது தேய்வு. இம்மூன்றையும் ஒரே நிலப்பரப்பில், இரு நூற்றாண்டுக் காலத்துக்குள், ஒன்றன்பின் ஒன்றாகக் காண விரும்புவோர் இலங்கையின் கண்டி நகரையும் அதைச் சூழ்ந்த மலைகளையும் ஆராய்ந்தால் போதும். மகாவலி வளைந்தோடும் அந்நிலம் இயற்கை அழகுக்குப் பெயர்பெற்றது. குடிமையியல் பயில்வோர்க்கும் அதைவிடச் செறிந்த ஆய்வுக்களம் எளிதில் அமையாது.

குடிமகன் யார் என்னும் வினாவுக்கு, ஆள்வதிலும் ஆளப்படுவதிலும் மாறி மாறிப் பங்குகொள்பவன் என்று அரித்தாட்டில் விடை கூறினார். வட அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துத் திரும்பி 1835ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட பிரெஞ்சு அறிஞர் தோக்வில், அந்நாட்டின் உரிமைவாழ்வுக்கு வேராகச் சிற்றூர் அவைகளையே கண்டார். தமிழ் மண்ணில் இவ்வுண்மை கல்லிலேயே வெட்டப்பட்டுள்ளது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. அகவை, நிலம், வீடு ஆகிய தகுதிகளோடு, முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு உரியரல்லர் என்ற விலக்கும் அங்கே உள்ளது. அவ்வவை பார்ப்பனர் ஊரின் அவை. உழுத கைகளுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை என்பதை மறைத்துப் பெருமை பேசுதல் அறிவியலாகாது. ஆயினும், கணக்குக் காட்டாதவன் பொதுப் பொறுப்புக்குத் தகான் என்னும் நெறி, அதைப் பொறித்த அவையின் எல்லையைக் கடந்து நிற்கத் தகுந்தது.

கண்டி அரசிலும் ஊரவைகள் இருந்தன. சிங்களத்தில் கம்சபா எனப்பட்ட அவ்வூரவைகள் நிலத் தகராறு, நீர்ப் பங்கீடு, சிறு குற்றம் ஆகியவற்றை ஊரார் கூடி முடிக்கும் இடங்களாக விளங்கின. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி அரசில் சிறையிருந்து தப்பி, 1681ஆம் ஆண்டில் தம் பட்டறிவை நூலாக வெளியிட்ட ஆங்கில மாலுமி இராபர்ட்டு நாக்சு, மலைநாட்டு உழவன் நாடாளவும் தகுந்தவன் என்ற பேச்சு அம்மக்களிடையே வழங்கியதைக் குறித்துள்ளார். மாற்றாரிடம் சிறைப்பட்டிருந்த ஒருவரின் எழுத்தில் இவ்வாறு பதிவாயிற்று என்பதே அதன் மதிப்பை உயர்த்துகிறது.

அத்தகைய உழவர் வாழ்ந்த நாட்டின் உரிமை, உழவரைக் கேளாமலே கைமாறியது. 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், கண்டி அரண்மனையின் அவைமண்டபத்தில், ஆங்கில ஆளுநர் பிரவுன்றிக்கும் கண்டித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். நாயக்கர் மரபின் இறுதி அரசர் நீக்கப்பட்டார். நாடு ஆங்கில முடிக்கு ஒப்படைக்கப்பட்டது. தலைவர்களின் உரிமைகளும் புத்த சமயத்தின் காப்பும் எழுத்தில் உறுதி செய்யப்பட்டன. மூன்றாண்டுகளுக்குள் கிளர்ச்சி வெடித்தது. அதை அடக்கிய பின் 1818 நவம்பரில் வெளியான அறிவிப்பு, தலைவர்களுக்கு உறுதியளித்த ஆற்றலைப் பெரிதும் குறுக்கியது. இதுவே கையளிப்பின் இயல்பு: ஒப்படைப்போர் சிலராயிருக்க, எழுதித் தந்த உறுதியைக் காக்கப் பயின்ற பலர் பின்னால் இல்லாதபோது, எழுதியவர் கையே அதை அழித்துவிடுகிறது.

அடுத்து நேர்ந்த ஒரு மாற்றம் தற்சார்பின் இலக்கணத்தைத் தெளிவாக்குகிறது. அரசர் காலத்திலிருந்து தொடர்ந்த இராசகாரியம் எனும் கட்டாய வேலைமுறை, கோல்புரூக்கு ஆணைக்குழுவின் ஆய்வை ஒட்டி 1832இல் ஒழிக்கப்பட்டது. மாந்தரைக் கட்டாய வேலையிலிருந்து விடுவித்தது சரியே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயின் குளங்களையும் வாய்க்கால்களையும் பேணிய கூட்டு வேலையும் அதே ஆணையோடு பின்னப்பட்டிருந்தமையால், ஆணை நீங்கியதும் அதுவும் பல இடங்களில் நின்றது. இக்குறையை உணர்ந்த அரசு, 1856ஆம் ஆண்டில், நீர்ப்பாசனத்தில் பழைய ஊர்வழக்கை உழவர் தாமே கூடி மீட்டெடுக்க இடந்தரும் சட்டமொன்றை இயற்றியது. 1871இல் ஊரவைகளுக்கும் சட்ட ஏற்பு அளித்தது. மேலிருந்து வந்த ஆணையால் நடந்த கூட்டுவேலை ஆணையோடு முடியும். உழைப்பவர் தாமே விதி வகுத்துத் தாமே காவலிருக்கும் கூட்டுவேலையே தற்சார்பு என்னும் பெயருக்கு உரியது.

இவ்வூரவைகள் வளர்ந்த அதே மலைகளில், அவற்றின் எல்லைக்குள் வாழ்ந்தும் அவற்றுக்குப் புறம்பாக வைக்கப்பட்ட மற்றொரு மக்கட்கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியவில் 1820களில் காப்பி பயிரிடப்பட்டது. தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் சேம்சு தெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபோது தேயிலையே மலைகளை ஆண்டது. இப்பயிர்களுக்காகத் தமிழகத்திலிருந்து கடல்கடந்து, மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த தமிழரே இன்று மலையகத் தமிழர் எனத் தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் மக்கள்.

தோட்டம் என்னும் அமைப்பைக் குடிமையியல் நோக்கில் ஆராய்ந்தால், அதன் ஆளுகை முழுவதும் ஒற்றைக் கையில் குவிந்திருந்ததைக் காணலாம். வேலை தருபவரும் துரை எனப்பட்ட தோட்ட மேலாளர். லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில் காம்பிராவைத் தருபவரும் துரை. மருந்தகம், குழந்தைகளைக் காக்கும் பிள்ளைமடுவம், பள்ளி அனைத்தும் அவர் பொறுப்பே. தொழிலாளியின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைத் தீர்ப்பவரிடமே அவரை அனுப்பும் துண்டு முறை 1921 வரை நீடித்தது. ஒருவன் வேலையையும் கூரையையும் பிள்ளையின் எழுத்தறிவையும் ஒரே கையிலிருந்து பெறும்போது, அக்கையை எதிர்த்துப் பேசும் பயிற்சி அவனுக்கு எங்கே கிடைக்கும்? அரித்தாட்டில் சொன்ன ஆளும் முறை அங்கே வரவே இல்லை. ஆளப்படும் முறை மட்டுமே தலைமுறை தலைமுறையாக வந்தது.

ஆனால் பயிற்சிக் களம் முற்றிலும் இல்லாதிருந்ததாகக் கொள்ளுதல் தவறு. மாசியில் காமன் கூத்து எடுக்கும் லயத்தார், யார் எந்த வேடம் பூணுவது, யாரிடம் எவ்வளவு தண்டுவது, செலவு போக மிஞ்சியதை என்ன செய்வது என்று கூடிப் பேசியே முடிவு செய்தனர். சீட்டுப் பிடித்தனர், இறப்பு நேர்ந்த வீட்டுக்கு ஒவ்வொரு குடும்பமும் இவ்வளவு என வகுத்து உதவினர், மாரியம்மன் கோயில் கணக்கை ஊர் நடுவே படித்தனர். சட்டம் அறியாத குடியாட்சி இது. ஊரவைக்கு வேண்டிய எல்லாத் திறமும் இதனுள் அடங்கியிருந்தது. இதைக் கல்வியாகக் கண்டு வளர்த்தெடுக்க அறிஞர் முன்வராமையே குறை.

கண்டியில் அப்பணியின் முன்னோடியாகத் திகழ்ந்தவர் சித்திலெப்பை. 1838ஆம் ஆண்டில் கண்டியில் பிறந்த இவ்வழக்கறிஞர், 1882இல் முசிலிம் நேசன் என்னும் தமிழ் இதழைத் தொடங்கினார், பள்ளிகள் நிறுவினார், பெண்பிள்ளைகளுக்கும் கண்டியில் பள்ளி திறந்தார். தம் மக்கள் ஆட்சியாளரின் அருளால் உயர்வர் என அவர் காத்திருக்கவில்லை. அவர்கள் தாமே பொருள் திரட்டித் தம் பிள்ளைகளுக்கு இக்கால அறிவைத் தமிழ்வழி ஊட்டவேண்டும் என எழுதிக்கொண்டே இருந்தார். தற்சார்பு, கல்வி, இதழியல் ஆகிய மூன்றையும் ஒரே நெறியின் மூன்று கிளைகளாக அவர் கண்டதை நான் இன்றும் வியக்கிறேன்.

தோட்டத் தமிழரிடையே அந்நெறியைக் கொண்டு சென்றவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். வெளியார் தோட்டத்துள் நுழைதல் குற்றமாகக் கருதப்பட்ட அந்நாளில், துணி விற்பவர் கோலத்தில் லயங்களுக்குள் சென்று தொழிலாளரைக் கண்டார் என்பர். தேசநேசன், தேசபக்தன் ஆகிய இதழ்களை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளர்க்கென ஒன்றியம் அமைத்தார். சட்ட விதிகளை எளிய தமிழில் சிறு வெளியீடுகளாக்கினார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மையார் அக்கருத்துகளைப் பாட்டாக்கிக் கூட்டங்களில் பாடினார். எழுத்தறியாதவருக்கு நூல் பயன்படாது என உணர்ந்து, அவர்களுக்கு ஏற்கெனவே பழகிய சிந்து வடிவத்தில் சட்ட அறிவைப் பொதிந்து தந்தது கல்வியியலில் உயர்ந்த முறை. கூலி எவ்வளவு, வேலை நீங்கியதற்குச் சான்றான பத்துச்சீட்டைத் துரை பிடித்து வைக்கலாமா, வேலை நீங்கும்போது என்ன கேட்கலாம் என்னும் வினாக்களுக்கு விடை தெரிந்த தொழிலாளி, அன்றே பாதிக் குடிமகனாகிவிட்டான்.

மற்றப் பாதி குருதி கேட்டது. கண்டி மலைநாட்டு ஏவாகெட்டைப் பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 சனவரி 10ஆம் நாள் கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலர் துப்பாக்கியால் கொல்லப்பட்டார். அதை ஆராய ஆணைக்குழு அமர்ந்தது. நாட்டின் அரசவையே அதனால் அதிர்ந்தது. வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் தலைகுனிந்து நின்ற மக்கள், ஒருவர் சாவுக்குக் கணக்குக் கேட்கும் மக்களாக மாறியதை அந்நிகழ்வு குறிக்கிறது.

இவ்வளவுக்கும் பின்னர்ப் பறிப்பு வந்தது. அதன் முதற்படி 1948க்கு முன்பே தொடங்கியதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1931இல் அகவை வந்த ஆண் பெண் இருபாலார்க்கும் நாட்டில் வாக்குரிமை வந்தபோதே, தோட்டத் தமிழர்க்கு மட்டும் நிலைகுடிமைச் சான்று கேட்கப்பட்டது. 1930களின் இறுதியில் ஊரவைச் சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டக் குடியிருப்பில் வாழ்ந்த தொழிலாளர்க்கு ஊரவை வாக்கு மறுக்கப்பட்டது. நாட்டவையில் வாக்கு, ஊரவையில் வாக்கில்லை. குடிமைப் பயிற்சியின் தொடக்கப் பள்ளியை மூடிவிட்டு உயர்பள்ளியை மட்டும் திறந்து வைத்ததற்கு இது ஒப்பாகும். 1947 பொதுத்தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். அடுத்த ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், அவர்களைத் தேர்ந்தெடுத்த மக்களுள் மிகப் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. 7,00,000க்கும் மேற்பட்டோர் அந்நிலைக்கு ஆளாயினர். 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

அதே 1949இல் வந்த மற்றொரு சட்டம், குடியுரிமை வேண்டுவோர் தம் வதிவைச் சான்றுகளால் மெய்ப்பித்தால் பெறலாம் என்றது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வாழ்ந்தமைக்குச் சான்று காட்டவேண்டும். அச்சான்றுகளோ பிறப்புப் பதிவிலும், தோட்டத்தார் செக்ரோல் என்றே வழங்கும் பெயரேட்டிலும் இருந்தன. அப்பெயரேடு துரை அலுவலகத்தில் இருந்தது. எட்டு நூறாயிரத்துக்கு மேற்பட்டோர் சார்பில் கோரிக்கைகள் எழுதப்பட்டன. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினர்க்கே குடியுரிமை கிடைத்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாத்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எவரையும் கேளாத அப்பங்கீட்டின் துயரைக் கண்டிப் புகைவண்டி நிலையமும் நாவலப்பிட்டி நிலையமும் பல்லாண்டுகள் கண்டன. எஞ்சியோர்க்கு முழுமையான தீர்வு தந்த சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு சான்றுத் தாளின் மதிப்பை அறியாத தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அத்தாளுக்காகக் காத்திருந்த காலம் அது.

அக்காலத்தில் கண்டியில் ஒளிர்ந்த ஒரு பணியைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. இயேசு கழகத் துறவி பால் கசுபேர்சு 1972இல் கண்டியில் சத்தியோதய என்னும் நடுவத்தை நிறுவினார். சிங்களரும் தமிழரும் ஒருங்கே தங்கி, தோட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து, சிங்கள ஊராரையும் தோட்டத் தமிழரையும் ஒரே பாயில் அமர்த்திப் பேசவைத்த நடுவம் அது. அடுத்தடுத்து வாழ்ந்தும் ஒருவர் அவையில் மற்றவர்க்கு இடமில்லாது போன இரு மக்களுக்குச் சட்டம் மறுத்த கூட்டவையை அவர் வேறு வழியில் அமைத்தார்.

இனித் தேய்வு. பறிப்பை எதிர்த்து முழங்கலாம்; தேய்வோ ஓசையின்றி நடப்பது. ஆதலால் இதைக் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்பது என் துணிவு. தொடக்கத்தில் ஒன்றியக் கட்டணத்தை உறுப்பினரிடம் தோட்டக் கமிட்டித் தலைவர் லயம் லயமாகச் சென்று கைப்படத் தண்டினார். கட்டணம் தருகையில் கேள்வியும் வந்தது: போன மாதம் எங்கள் வழக்கு என்னாயிற்று? பின்னர், கட்டணத்தைத் தோட்ட அலுவலகமே கூலியில் கழித்து ஒன்றியத்துக்கு அனுப்பும் முறை வழக்கமாயிற்று. ஒன்றியங்களுக்கு வருவாய் உறுதியானது. வாசலில் எழுந்த கேள்வி மறைந்தது. கொழுந்து பறிப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்களாயிருந்தும் ஒன்றியத் தலைமையில் அவர்கள் அருகியே காணப்படுவதும் இத்தேய்வின் ஒரு முகம். காமன் கூத்துக்குக் கணக்குக் கேட்ட மக்கள், தம் கூலியில் கழியும் பணத்துக்குக் கணக்குக் கேளாதிருப்பது இயல்பன்று. அது பழக்கப்படுத்தப்பட்ட நிலை. பழக்கியதை மாற்றிப் பழக்கவும் முடியும்.

ஊரவை வாயிலும் அண்மையிலேயே முழுதாகத் திறந்தது. ஊரவைகளின் வழிவந்த பிரதேச சபைகளுக்கான 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் 33ஆம் பிரிவு நலப்பணிகளை ஊர்களுக்கென வரையறுத்தமையால், தோட்டக் குடியிருப்புகளுக்கு அச்சபைகள் பணம் செலவிட இயலாது எனக் கொள்ளப்பட்டது. பன்விலையிலும் உடபளாத்தையிலும் பஸ்பாகே கோறளையிலும் தோட்ட மக்கள் வாக்களித்தனர். அவர்கள் வாக்கால் அமைந்த அவை அவர்கள் வாசலுக்குப் பாதை போட முடியாதிருந்தது. 2018ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தடையை நீக்கியது. 1930களில் அடைத்த தொடக்கப் பள்ளியின் கதவு இது. திறந்த கதவின் உள்ளே சென்று அமரும் பயிற்சியே இன்றைய பணி.

அப்பயிற்சிக்கு வேண்டிய கருவிகள் சில நம் கையில் உள்ளன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, குடிமகன் எவரும் பொது அலுவலகத்திடம் ஏன் என்று சொல்லாமலே கேட்கலாம். அலுவலர் 14 வேலைநாள்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். எழுத இயலாதவர் வாயால் கேட்டால் அலுவலரே அதை எழுத்தில் பதியவேண்டும். 1987 முதல் தமிழும் ஆட்சிமொழி. ஆகவே இக்கேள்வியைத் தமிழில் கேட்கலாம், தமிழில் விடை கோரலாம். தோட்டப் பள்ளி மாணவர் ஒருவர் தம் பிரதேச சபைக்குத் தம் தோட்டப் பாதைக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு எனக் கேட்டு ஒரு மடல் எழுதி, வந்த விடையை வகுப்பில் படித்து, அதைப் பெற்றோர் கூட்டத்தில் விளக்குவாராயின், பாடநூலின் பல பக்கங்கள் செய்யாததை அம்மடல் செய்துவிடும்.

பேராதனையில் 1952 முதல் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கே சட்டம் அறிந்தோரும் தமிழ் அறிந்தோரும் மலையகத்தில் பிறந்தோரும் உள்ளனர். 33ஆம் பிரிவின் பழைய வடிவையும் திருத்திய வடிவையும் அருகருகே வைத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எளிய தமிழில் பொருளெழுதி, இரண்டு பக்கத்தில் அடங்கும் ஒரு வெளியீட்டை அவர்கள் கூடி ஆக்கவேண்டும். நடேசய்யர் அந்நாளில் செய்தது போல அதைக் கலகாவுக்கும் தெல்தோட்டைக்கும் மடுல்கலைக்கும் இரங்கலைக்கும் கொண்டு செல்லவேண்டும். படிக்கத் தெரிந்த பேத்தி படிக்காத பாட்டிக்கு உரக்கப் படிக்கும்படி அதன் தொடர்கள் குறியனவாய் இருக்கட்டும். இறுதியில், பிரதேச சபைத் தலைவருக்கு எழுதவேண்டிய மடலின் வடிவும், பெயர் எழுத வெற்றிடமும் அச்சிடப்பட்டிருக்கட்டும்.